வெள்ளைப் புள்ளி

ட்ரெண்டா பள்ளத்தாக்கில் அக்டோபர் இருட்டு
பீச் மரங்களில் பிசினாய் ஒட்டியிருக்கிறது.
ட்ரோன் மேலே. திரை என் மடியில்.
சூடுள்ளதெல்லாம் அதில் வெள்ளை.

தேடுவது தாரிங்காவை. வயது நாற்பத்தொன்று.
சிவப்பு மழைச்சட்டை என்று எழுதித் தந்தான் கணவன்.
வெப்பக் கேமராவுக்குச் சிவப்பு தெரியாது.

முதலில் ஒரு மான்.
அப்புறம் வைக்கோல் கொட்டகையின் பின்புறம்
இரண்டு பேர், ஒரே வெள்ளையாய்.
யாரென்று தெரிந்துவிட்டது. ஊர் அவ்வளவு சின்னது.
கேமராவைத் திருப்பினேன்,
அதற்குள் அட்டையில் ஏறிவிட்டார்கள்
தேதியோடு, நேரத்தோடு.

ஒன்றரை மணிக்குத் தபால்காரர் ப்லாஷ்
தன் முற்றத்தில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்.
ஈரப் புல்லில் அவர் அடிச்சுவடுகள்
வெள்ளையாய் விழுந்து
ஒவ்வொன்றாய் அணைந்தன.
ஏனென்று கேட்க எனக்கு உரிமையில்லை.
பார்க்க மட்டும் யார் கொடுத்தது?

மூன்றேகாலுக்கு, மேய்ப்பர் குடிசைச் சுவரோரம்
அவள்.
சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.
கையை உயர்த்தினாள்.
அசைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.
அசைக்கவில்லை. உள்ளங்கை என் பக்கம் விரிந்தபடி
அப்படியே நின்றது.

நடந்தே மேலேறிய நேஷா
ரேடியோவை விட்டுக் கைபேசியில் அழைத்தாள்:
"கணுக்கால் சுளுக்கு, வேறொன்றுமில்லை.
எங்கே இருக்கிறேனென்று
அவரிடம் சொல்லாதீர்கள் என்கிறாள்."

அவர் என் தோளருகே நின்றிருந்தார்.
ராத்திரி முழுக்க எங்களுக்குத் தேநீர் ஊற்றியவர்,
சர்க்கரை எவ்வளவு என்று
ஆளுக்கு ஆள் கேட்டு.
"கிடைத்துவிட்டாளா?"

திரையின் மூலையில் எண்கள்:
நாற்பத்தாறு, ஒரு புள்ளி, அப்புறம் அவள் இருக்கும் இடம்.
கட்டைவிரலால் மறைத்தேன்.
"உயிரோடு இருக்கிறார்."
"எங்கே?"
எங்கள் விதிப்புத்தகம் அந்த இடத்தில்
என் வாயைக் கட்டியிருந்தது. நல்லவேளை.
அவர் கோப்பை நடுங்கியது.
பயமா, பாசமா, கோபமா,
எல்லாம் ஒரே வெள்ளைதான் இந்தக் கருவிக்கு.
எனக்கும்.

அட்டையை உறையிலிட்டு ஒட்டினேன்.
முப்பதாம் நாள், இருவர் கையெழுத்தோடு அழிப்போம்:
தாரிங்காவை, கொட்டகையை,
ஒரு பாவமும் அறியாத மானை.

மறுநாள் காலை மின்கட்டண ரசீதோடு
ப்லாஷ் வந்தார்.
"தூங்கவே இல்லை போலிருக்கே" என்றார் என்னைப் பார்த்து.
நான் அவர் செருப்பைப் பார்க்காமலிருக்க
ரசீதையே படித்துக்கொண்டிருந்தேன்,
இரண்டு தடவை.