விகிதம்

ஜூலை முதல் திங்களன்று பேருந்து வரும்.
மினசோட்டாவிலிருந்து பதினோரு பேர்,
முதுகில் காகிதக் குழல்கள்,
எஸ்த்ரெமோஸ் வெயிலுக்குக்
கொஞ்சமும் ஆகாத தோல்.
ஐந்து வாரம் வரைந்தால் ஆறு கிரெடிட்டாம்.
எங்கள் ஊரில் கிரெடிட் என்றால் கடன்.
எனக்கு மணிக்குப் பதின்மூன்று யூரோ.

பழைய தானியக் கிடங்கின் நடுவே மரமேடை.
அதன்மேல் நான், இதலீனா, வயது நாற்பத்தாறு.
உடைகள் நாற்காலியின் முதுகில்.
கைப்பேசி மணியடிக்கும்வரை
இருபது நிமிடம் அசையக் கூடாது.
மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தால்
அது ஈயின் உரிமை.
இடைவேளைக்குப் பிறகு அதே இடத்தில் நிற்க
என் பாதங்களைச் சுற்றிச் சுண்ணக்கோடு போடுவார்கள்,
செத்தவனைச் சுற்றிப் போலீஸ் போடுவதுபோல.

முதல் நாள் பாதிப் பேர்
என் முழங்காலையே வரைவார்கள்.
பாவம், முழங்கால் ஒன்றுதான்
திருப்பிப் பார்க்காத இடம்.
நான் கூரை விரிசலைப் பார்த்தபடி
ஞாயிற்றுக்கிழமைக்குக் காட் மீனை
எப்போது ஊறப்போடுவது என்று கணக்கிடுவேன்.
அடிவயிற்றில் குறுக்கே ஒரு தையல் தழும்பு.
ஹாலிஸ் நாகரிகம் கருதி அதை விட்டுவிட்டாள்.
மரென் மடிப்பு என்று நினைத்துவிட்டாள்.
இன்னொருவன் நிழலை இழுத்துப் போட்டு மூடினான்.

மாலை ஐந்திலிருந்து பத்துவரை
சந்தைச் சதுக்கத்துப் பேரங்காடியில்
மூன்றாம் கல்லா என்னுடையது.
பச்சைச் சட்டை, பெயர்ப்பட்டை, வாரிக் கட்டிய கூந்தல்.
பிள்ளைகள் வருவார்கள்:
தண்ணீர், உருளை வறுவல், மலிவு ஒயின்.
பாடப்புத்தகத்திலிருந்து கத்தரித்து எடுத்ததுபோல
மாலை வணக்கம் சொல்வார்கள்.
ஒருவருக்கும் என்னைத் தெரியாது.
காலையில்தான் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி
என் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அளந்தவர்கள்.
உடுத்திக்கொண்டால் நான் மறைந்துபோகிறேன்.
மூன்று கோடையாக
எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான்காவதில் வெண்டல்.
வகுப்பிலேயே மோசமாக வரைபவன்.
அவன் தாளில் கையும் காலும் வீங்கிப்போகும்,
தலை எலுமிச்சையாய்ச் சுருங்கும்.
பேராசிரியை லிண்ட்குவிஸ்ட்
அவன் பின்னால் நின்று விடும் பெருமூச்சு
மேடைவரை வந்து என் மேல் படும்.
'விகிதம், வெண்டல், விகிதம்.'
ஆங்கிலத்தில் நான் கற்ற ஒரே சொல் அது.

ஒரு வியாழன் இரவு, கடை அடைக்கும் நேரம்,
ஒரு பற்பசை, இரண்டு பீச் பழம்.
மீதி நாற்பது சென்ட்டை நீட்டினேன்.
அவன் வாங்கவில்லை. கையையே பார்த்தான்:
ஒடிந்து கோணலாகச் சேர்ந்த மோதிரவிரல்.
பிறகு பெயர்ப்பட்டை. பிறகு முகம்.
காது மடல்வரை சிவந்துபோய்
'நீங்கள்' என்றான் எங்கள் மொழியில்.
அதற்குமேல் அவனிடம் சொல் இல்லை.
என்னிடமும் இல்லை.
வரிசையில் கசாப்புக்கடை அர்மீந்தோ
தொண்டையைச் செருமினான்.

மறுநாள் மேலங்கியைக் கழற்ற
எனக்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடித்தது.
முப்பத்தொன்பது டிகிரியில் குளிர்ந்தது.
அவனும் அன்றைக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை,
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான்.

ஆகஸ்டில் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போனது.
கிடங்கைக் கழுவும் வேலையும் எனக்குத்தான்,
அதற்குத் தனிக் காசு.
கூடைக்குள் கசங்கிய முப்பது நாற்பது நான்,
எவர் பெட்டியிலும் இடம் கிடைக்காதவை.
அடியில் வெண்டலின் தாள்.

பாதம் தாளில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.
கணுக்கால் தடித்து, நரம்பு புடைத்து,
காலையில் மேடையிலும் இரவில் கல்லாவிலும்
நின்ற கால் அதுதான்.
தழும்பும் இருந்தது,
இடுப்பைத் தாண்டி, தாளின் விளிம்புவரை.
மகன் பிறந்த வருஷம்
அது அவ்வளவு நீளமாகத்தான் இருந்தது.

மூலையில் சிவப்புப் பென்சிலில் அந்தச் சொல்,
அடியில் இரண்டு கோடு.

சுருட்டிக் கைப்பையில் வைத்தேன். கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.
மேடையைத் துடைத்தேன்.
சுண்ணம் ஒரு தேய்ப்புக்கே போய்விட்டது.
மணி நாலே முக்கால்.