மாதிரி எண் ஏழு

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.
இங்கே கரைப்பவள் நான்.
மாதச் சம்பளம், முப்பது நாள் விடுப்பு,
கையுறை, கண்காப்பு, நீல மேலங்கி.

செல்லே நகரத்தின் விளிம்பில் தகரக்கூரை ஆய்வுக்கூடம்.
நவம்பர் மழையில் காலை எட்டு மணிக்கே அந்தி.
பெட்டியில் பதினொரு கற்கள்,
ஒரே உயரம், ஒரே பருமன்,
செங்கல்லைவிட ஒரு பிடி இருண்ட சிவப்பு.
ஒருகாலத்தில் இது பாலை.
காற்று குவித்த மணல்
மூவாயிரம் மீட்டர் கீழே இறங்கி, இறுகி,
எரிவாயுவைத் தன் துளைகளில் வைத்துக்கொண்டு
யாரையும் எதிர்பார்க்காமல் இருந்தது.

கிணற்றுக் குழாயில் படிவு அடைத்துவிட்டதாம்.
அதற்கு ஒரு மருந்து.
மருந்து என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.
நீல மூடி போட்ட பீப்பாய், மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடை.

ஓய்வறையில் ஒரு கெட்டில் இருக்கிறது.
வாரம் முழுக்க வெள்ளை ஓடு கட்டும்.
வெள்ளிதோறும் வீப்கே வினிகர் ஊற்றிக் கொதிக்கவைப்பாள்;
ஓடு நுரைத்துப் போகும், கெட்டில் பளபளக்கும்.
ஏனென்றால் ஓடு வேறு, கெட்டில் வேறு.

கல்லில் அப்படி இல்லை.
குழாயை அடைத்ததும் சுண்ணாம்பு,
மணலை மணலோடு பிடித்துவைத்திருப்பதும்
அதே சுண்ணாம்பு.
அமிலத்துக்கு முகவரி படிக்கத் தெரியாது.

எழுபத்திரண்டு மணி நேரம், தொண்ணூறு பாகை.
ஊறிய நீர் முதலில் இளம்பச்சை,
திறந்து வைத்ததும் தேநீர் நிறம்:
மணிகளைப் போர்த்தியிருந்த களிமண்
தன் இரும்பைக் கொடுத்துவிட்டது.
வெளியே எடுத்த கல் பார்வைக்கு அப்படியே.
எடையில் மட்டும் நூற்றில் இரண்டு பங்கு இல்லை.
இரண்டு பங்குதானே என்று தோன்றும்.
எந்த இரண்டு என்பதல்லவா கேள்வி.

அழுத்தும் எந்திரம் ஹைக்கோ பிராமருடையது.
வேறு யாரும் தொட்டால் முகம் சுளிப்பான்.
மருந்து தொடாத கல் முதலில்.
நாற்பத்தெட்டு மெகாபாஸ்கலில்
தேங்காய் உடைந்தாற்போல் ஒரே சத்தம்.
ஹைக்கோ தலையசைத்தான், நல்ல கல்.
அடுத்து ஏழாம் எண்.
முப்பதைத் தொடவில்லை.
சத்தத்துக்குக் காத்திருந்தவன்
காதுமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான்.
கூரையில் மழை.
கல் முறியவில்லை. அமர்ந்துவிட்டது,
நெடுநேரம் வரிசையில் நின்று
கால் ஓய்ந்தவர் உட்காருவதுபோல.

ஹானோவரிலிருந்து டோன்யஸ் அழைத்தார்.
மரியாதையான மனிதர், முதலில் மழையை விசாரித்தார்.
"பலவீனம்" என்ற சொல் கொஞ்சம் கனமாக இருக்கிறதாம்.
"இயந்திரப் பண்பில் மாற்றம்" என்றால் பொருந்துமாம்.
எண்ணைத் தொட மாட்டேன் என்றேன்.
எண் இருக்கட்டும், சொல் மட்டும் என்றார்.
சொல்லை மாற்றினேன்.
கீழே கையெழுத்து: வதனி தேவசகாயம்.

அன்று மாலை ரயிலில்
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
இருபத்தொன்பது என்று அங்கே தெளிவாக இருக்கிறதே,
வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கட்டும்.
இரண்டு நிறுத்தம்வரை அது தாங்கியது.

ஏப்ரலில் ஒரு கண்ணாடிக் குப்பி வந்தது.
வால்வை அரித்த மணல்.
மூலம் தெரியவில்லை, ஆராய்ந்து சொல்லவும்.
உலர்த்தினேன், சலித்தேன், எடை போட்டேன்.
நூற்று நாற்பத்தொரு கிராம் சிவப்பு.
ஆராய என்ன இருக்கிறது?
ஹைக்கோ ஒரு சிட்டிகை எடுத்து
விரலிடையில் தேய்த்துப் பார்த்தான்.
பிறகு குழாயைத் திறந்து கையைக் கழுவினான்,
தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம்.

அன்று வெள்ளிக்கிழமை.
வினிகர் புட்டியோடு வந்த வீப்கே
யாருக்காவது முதலில் தேநீர் வேண்டுமா என்றாள்.
வேண்டும் என்றேன்.
ஓடு இருக்கட்டும்,
இந்த வாரம் அதோடே குடிப்போம்.