காரணம் எண் ஏழு

ஜெயக்கொடி. கணவர் பெயர் குணாளன்.
அம்மாப்பேட்டை.
பெருவிரலை வைக்கச் சொன்னேன்.
ரேகை விழவில்லை.
ஜவ்வரிசி ஆலையில் பதினொரு வருசம்
ஈரமாவு அள்ளிய விரல்.
முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாள்.
மூன்றாம் தடவை விழுந்தது.

முன்பெல்லாம் கலெக்டர் ஆபீசில்
ஒரு கோப்பு ஒரு மாடி ஏற
ஒரு மாதம் ஆகும்.
இப்போது துறையைத் துறை கேட்கிறது,
நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள்
பதில் வந்துவிடுகிறது.
மின்வாரியம்: இரண்டு மாதத்துக்கு எழுபது யூனிட்.
பத்திரப் பதிவு: ஒரு சென்ட்டும் இல்லை.
உணவு வழங்கல்: அட்டையில் மூன்று தலை,
போன மாதம் சர்க்கரை வாங்கவில்லை.
கடைசியாகப் போக்குவரத்துத் துறை
சிவப்பில் ஒரு வரி.

"பணம் வராதுங்க அக்கா.
குடும்பத்துல நாலு சக்கர வண்டி இருக்கு.
காரணம் எண் ஏழு."

சிரித்தாள்.
"வண்டியாங்க? எங்க சந்துல
ஆட்டோவே நுழையாது."

"உங்க பேர்ல இல்ல. வீட்டுக்காரர் பேர்ல.
போன சித்திரையில வாங்கினது."

சிரிப்பை அவள் உடனே எடுக்கவில்லை.
எடுக்க மறந்துவிட்டாள்.
பின்னால் டோக்கன் நாற்பத்தாறு இருமினார்.

பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ரசீதை எடுத்தாள்.
ஆளைக் காணவில்லை என்று கொடுத்த மனு.
ஆறு வருசம்; மடிப்பில் கிழிந்து நான்கு துண்டு.
இன்ஸ்பெக்டர் மாறும்போதெல்லாம்
புதிதாக ஒரு போட்டோ கொடுத்திருக்கிறாள்.
பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் இரண்டு தடவை
வேறு யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.
அட்டையில் பெயர் நீக்கப் போனால்
சாவுச் சான்றிதழ் கேட்டார்களாம்.

அப்படிப்பட்ட ஆள்
என் திரையில் உயிரோடு இருந்தான்,
இன்சூரன்ஸ் கூடக் கட்டியிருந்தான்.

"விலாசம் சொல்லுங்க."

"அது அவரோட தனிப்பட்ட தகவல்ங்க அக்கா.
வெளிய சொல்லக்கூடாது."

சொல்லிவிட்டு
அவள் வாங்காத சர்க்கரையை
ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

விதி பொல்லாதது என்று சொல்லமாட்டேன்.
போன மாதம் இதே நாற்காலியில் ஒருத்தன்.
பெண்டாட்டி பணம் எந்த பேங்க்கில் ஏறுது,
சும்மா தெரிஞ்சுக்கத்தான் சார், என்றான்.
பேச்சில் தேன். கைமுட்டியில் ஆறாத காயம்.
திரையில் ஏற்காடு என்று இருந்தது,
ஒரு காப்பித் தோட்டத்தின் பெயரும்.
தனிப்பட்ட தகவல், என்றேன்.
நாற்காலியை உதைத்துவிட்டுப் போனான்.
அன்றைக்கு அந்த விதியைக்
கும்பிடத் தோன்றியது.

இன்றைக்கு ஜன்னலில் வெயில்.
திரை கூசியது.
கொஞ்சம் திருப்பி வைத்தேன்.
யார் கேட்டாலும்
கூசியதால் என்றுதான் சொல்வேன்.

எழுத்துக் கூட்டிப் படிப்பவள்தான்,
ஆனால் எண்கள்
மூட்டைக் கணக்குப் பார்த்த கண்ணுக்கு
ஒரு வீச்சு போதும்.
முப்பதில் தொடங்கும் வண்டி.
முப்பது என்றால் வடக்கே ஓடிப்போனவன் இல்லை,
கடலூர் இல்லை, கர்நாடகம் இல்லை.
இதே சேலம், மேற்குப் பக்கம்.
டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

"மேல்முறையீடு செய்யலாம். முப்பது நாள் இருக்கு."
படிவத்தை வாங்கி
ரசீதோடு சேர்த்து மடித்தாள்.
நன்றி சொன்னாளா, நினைவில்லை.
நாற்பத்தாறு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்து ரோட்டில்,
மேம்பாலத்தடியில்,
அந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தேன்.
பிறகுதான் அவளை.
கடக்கலாம் என்று விளக்கு எரிந்தும் கடக்கவில்லை.
கார், வேன், ஆம்னி, மறுபடி கார்.
ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்கவில்லை,
குனிந்து குனிந்து நம்பரைப் பார்த்தாள்.

என் பைக்கின் நம்பரையும் பார்த்தாள்.
ஹெல்மெட்டுக்குள் இருந்த என்னை
அவளுக்குத் தெரியவில்லை.