ஒன்பதில் ஒன்று

ஏப்ரல் பாதி ஆகியும் போர்ட்டேஜ் லா ப்ரேரியில்
ஏரி இன்னும் கல்லாகத்தான் கிடந்தது.
முட்டை அட்டையில் ஒன்பது குழி, குழிக்கொரு விதை.
தூசி எது, விதை எது என்று தெரிய
மூக்குக்கண்ணாடியை இருமுறை துடைக்க வேண்டியிருந்தது.
குளிர்பெட்டியின் தலைமேல் வைத்தேன்.
என் வீட்டில் வெதுவெதுப்பான இடம் அது ஒன்றுதான்.

உறையில் தொமதீயோ என்றிருந்தது.
தின்றதில்லை, பார்த்ததுமில்லை.
தள்ளுபடிக் கூடையில் கிடந்தது, எடுத்தேன்.
படத்திலிருந்த பச்சைக் காய்
காகிதச் சட்டை போட்டிருந்தது.
ஒரு காய்க்கு அவ்வளவு கூச்சம் எதற்கென்று நினைத்தேன்.

ஏழாம் நாள்
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால்
கொக்கிபோல் வளைந்த வெள்ளைக் கழுத்து ஒன்று.
மறுநாள் நான்கு. அதற்கும் மறுநாள் ஒன்பதும்.
ஒன்று மட்டும் விதைத்தோலைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு
கழற்ற மாட்டேன் என்றது.
எச்சில் தொட்டு நனைத்துக் கழற்றிவிட்டேன்.

வலுவானதை வைத்துக்கொள், மற்றதை வெட்டு
என்றது உறையின் முதுகு.
இருபத்தாறு வருடம் சிவப்பு விளக்குக்கு நின்றவள் நான்,
சொன்னதைக் கேட்பவள்.
நகம் வெட்டும் கத்தரி.
எட்டு முறை.
சத்தமே வரவில்லை.

ஜூனில் மண்ணுக்கு மாற்றினேன்.
இடுப்புயரம் வந்தது, பிறகு சாய்ந்து
வெங்காயப் பாத்தியில் படுத்துக்கொண்டது.
பூத்தது. பூத்தது. பூத்துக்கொண்டே இருந்தது.
தொண்டையில் பழுப்புப் புள்ளி வைத்த மஞ்சள் பூ
காலையில் விரியும், நாலு நாளில் காம்போடு விழும்.
முட்டையோடு பொடித்துப் போட்டேன், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன்,
ஒருநாள் வாய்விட்டே திட்டினேன்.
பக்கத்து வீட்டு ஓடெட் வெயில் போதாது என்றாள்.
அவள் கணவன் வெயில் கூடிப்போச்சு என்றான்.
அவர்கள் எதிலும் அப்படித்தான்.

வெள்ளி மாலைகளில்
காய்கறிப் பண்ணை ஆட்களைக் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போவேன்.
த்லாஸ்காலாவிலிருந்து வருகிறவர்கள், அக்டோபர் வரை இருப்பார்கள்.
முன் இருக்கையில் எலியொதோரோ.
அவரிடம் கேட்டேன்.
எத்தனை செடி என்றார். ஒன்று என்றேன்.
ஒரு விரலைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.
இரண்டு விரலைக் காட்டினார்,
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு
உதட்டால் ஒரு தேனீயைப் பறக்கவிட்டார்.
பேருந்தே சிரித்தது.
நான் திரும்ப வேண்டிய தெருவைத் தவறவிட்டேன்.

அடுத்த வெள்ளி அவர் இருக்கையில் ஒரு பெயின்ட் வாளி.
அவர் நின்றுகொண்டு வந்தார்.
கடைக் காய் ஒன்றைப் பிதுக்கி
விடுதிக்குப் பின்னால் டிராக்டர் டயருக்குள் வளர்த்ததாம்.
திருப்பங்களில் அன்று நான் மெதுவாகப் போனேன்.

பத்தாம் நாள், பூ இருந்த இடத்தில் ஒரு பை.
அமுக்கினேன். காற்று.
காய்க்கு முன்னால் சட்டை வந்துவிடுகிறது.
செப்டம்பரில் முதல் வகுப்புப் பிள்ளைகள் பேருந்தேறுவார்கள்,
அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வாங்கிய கோட்டுக்குள்
கை எங்கே என்று தேடவேண்டியிருக்கும்.
அப்படி இருந்தது.
தினம் அமுக்கிப் பார்த்தேன்.
ஒருநாள் உள்ளே ஏதோ திருப்பி அமுக்கியது.

செப்டம்பர் பதினான்கில் உறைபனி என்றார்கள்.
வீட்டிலிருந்த படுக்கை விரிப்பெல்லாம் தோட்டத்தில்,
நான் கோட்டோடு தூங்கினேன்.
காலையில் பறித்தது நாலு கிலோ,
பாதிக்குச் சட்டை கிழிந்திருந்தது.
உரித்தால் விரலெல்லாம் சோப்புபோல் பிசுபிசுப்பு.
பையோடு பேருந்துக்குக் கொண்டுபோனேன்.
எலியொதோரோ ஒன்றைக் கால்சட்டையில் துடைத்துக் கடித்தார்,
ஒரு கண்ணை மூடினார்,
மூடியபடியே இரண்டாவதை எடுத்தார்.

இப்போது மே.
விதைக்காத இடத்தில் நாற்று முளைத்திருக்கிறது,
பறிக்க மறந்து மண்ணில் அழுகியதிலிருந்து.
கத்தரியோடு போய்க் குந்தினேன்.
எது வலுவானது என்று சொல்லத் தெரியவில்லை,
எல்லாம் ஒரே உயரம்.

பெயின்ட் கடையில் காலி வாளி கேட்டிருக்கிறேன்.
ஏழு இருக்கிறதாம்.
எட்டு கிடைத்தால் நல்லது.