நுக்ஸ்

புதன்கிழமை வேதபாடத்தில்
போதகர் தேவவரம் பலகையில் எழுதினார்: நுக்ஸ்.
கிரேக்கத்தில் இரவு.
பாவம், அறியாமை, கடவுளற்ற காலம் என்று
அடியில் கோடு இழுத்துக்கொண்டே போனார்.

பஹாவ் ஆட்கள் நாங்கள், பால்மரத்துப் பிள்ளைகள்.
ஜெபசீலி கை தூக்கினாள்:
"ராத்திரியில எவனும் வேலை செய்ய முடியாதுன்னு இருக்கே ஐயா,
எங்கம்மா நாலு மணிக்கு நெத்தி விளக்கோட போனாங்களே?
வெயில் ஏறினா எந்த மரம் பால் குடுக்குது?"
சிரித்தோம். போதகரும்.

அதே சொல்தானாம்
மறைவாய்க் கேள்வி கேட்க வந்தவனுக்கும்,
கைதிகளின் காயம் கழுவிய சிறைக்காரனுக்கும்,
விடிய விடிய வலை வீசி
வெறும் படகோடு திரும்பியவர்களுக்கும்.
அப்பத்துண்டை வாங்கிக்கொண்டு
எழுந்து வெளியே போனானே,
அவனுக்கும்.

தோட்டம் விற்ற வருஷம்.
வீடு கேட்டுக் கையெழுத்திட்டவர்களின் பட்டியல்
என் சட்டைப்பையில். நாற்பத்திரண்டு பெயர்.
ஏழாவது, ஜெபசீலியின் அம்மா.
கூட்டத்தில் எனக்கு ஊற்றிய தேநீரைப்
பாதியில் வைத்துவிட்டு
துரை ஆபீசுக்கு நடந்தேன்.
பகல் பதினொன்று.
என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது.
அடுத்த மாதம் கிராணி வேலை வந்தது.

வரப்போகும் நகரத்தில் நுக்ஸ் இல்லை என்று
பாடத்தை முடித்தார் போதகர்.

வெளியே ஜெபசீலி நின்றாள்.
மோட்டாரில் விளக்கு எரியவில்லையாம்.
"பின்னாலயே வர்றீங்களா அண்ணே?"

செம்பனைக்கு நடுவே மூன்று மைல்,
அவள் முதுகின் மேல்
வெளிச்சம் பிடித்துக்கொண்டு போனேன்.