இடக்கை நாடு

ஆண்ட்வெர்ப்பில் குளிர் விடாத மாதம்.
மாடியறையில் ஆறு பெண்கள், ஒரு ஜன்னல்.
தாளுக்கு இவ்வளவு என்று கூலி.
தேவமாதாவின் முக்காடு நீலம்,
நரகத்துத் தீ ஈயச்சிவப்பு, ஓரத்தில் மட்டும் மஞ்சள்.
இதெல்லாம் தூக்கத்திலும் பூசுவேன்.
இந்த மனிதர்களுக்கு என்ன நிறம்?

செதுக்கின யோஸையே கேட்டேன்.
கடலைக் காணாதவர் அவர்.
ஷெல்ட் ஆறு அகலும் இடம்வரை ஒருமுறை போய்
வாந்தியெடுத்துத் திரும்பினவர்.
மாலுமி ஒருவனின் கடிதத்தை
விளக்கருகே பிடித்து வாசித்தார்:
'சிங்கத்தின் நிறம்.'
நாங்கள் ஆறு பேரும் சிங்கம் பார்த்தது
கோயில் வாசல் கல்லில்.
அது சாம்பல்.

எனவே புனித செபஸ்தியாருக்குப் பூசி
கிண்ணத்தில் மிஞ்சிய ரோஜாவில்
கொஞ்சம் காவி கலந்தேன்.
அம்பு தைத்த உடம்பின் நிறம்
அம்பு எய்கிறவர்களின் உடம்புக்குப் போயிற்று.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தோள்களை யோஸ்
ரோமாபுரிச் சிலைகளிலிருந்து எடுத்தார்.
கூந்தல் மகதலேன் மரியாளுடையது.
வலப்பக்கம் நிற்கிறாளே, அவள் இடுப்பு
என்னுடையது.
லீஸ்கெனைப் பெறுவதற்கு முந்தைய வருஷம்
ஒரு மதியம், இரண்டு ஸ்டைவருக்கு நின்றேன்.
அடுப்பு அணைந்திருந்தது. உடம்பெல்லாம் புல்லரிப்பு.
அந்த இடுப்பு இப்போது பெயர் தெரியாத ஒரு கரையில்
மனிதக் கையொன்றை வாட்டிக்கொண்டிருக்கிறது.
பதமாக, திருப்பித் திருப்பி.

பிறகு அவனைக் கூட்டிவந்தார்கள்.
ரூவான் வியாபாரி ஒருவன்
பன்னிரண்டு கிளிகளோடு இறக்கிய ஆள்.
'நிறத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்,
இன்னொரு தரம் கிடைக்காது' என்றார் முதலாளி.
பார்த்தோம்.
கழுத்துவரை பொத்தானிட்ட கம்பளி அங்கி.
எங்கள் ஊர்க் காய்ச்சலில் வெளுத்த முகம்.
டிக்னா தூரிகையை நக்கிக்கொண்டு
அவன் காதோரம் உற்றுப் பார்த்தாள்.
அங்கேயும் காய்ச்சல்.

அவன் தாளை எடுத்தான்.
வாட்டும் கையைப் பார்த்துக் கோபப்படுவான் என்று
என் இடுப்பு கூசியது.
அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.
வில்லாளி ஒருவனை விரலால் தொட்டான்,
தலையசைத்தான்,
தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
பின்பக்கத்தில், மசி ஊறித் தெரிந்த நிழலில்
எல்லோரும் வலக்கையால் நாண் இழுத்தார்கள்.

செம்பில் வலம் வெட்டினால் தாளில் இடம் விழும்.
யோஸுக்குத் தெரியாததல்ல.
மாற்றி வெட்ட இன்னும் ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.
ஒரு வாரச் சோம்பலில்
ஒரு ஜனமே இடக்கையாய்ப் போயிற்று.

தாளை வைத்துவிட்டு அவன் அடுப்பருகே போனான்.
இறகுகளுக்கான சிவப்பு அங்கே கொதித்துக்கொண்டிருந்தது:
மரத்தூள், படிகாரம், ஒரு குவளை மழைநீர்.
குனிந்து மோந்தான்.
வெகுநேரம் குனிந்தே இருந்தான்.
'இபிராபிடங்கா' என்றான்.
இரண்டாம் தடவை மெல்லச் சொன்னான்,
எங்களுக்கல்ல.

'ஆகா, பெயர் சொல்கிறான்!' என்றார் முதலாளி.
அன்று மாலையே யோஸ்
இறகு மகுடம் வைத்தவன் காலடியில் எழுத்து வெட்டினார்:
இபிராபிடங்கா மன்னன்.
முந்நூறு தாள் விற்றது.
அவன் தவக்காலத்துக்கு முன்பே செத்துப்போனான்.
எந்தப் பெயரில் புதைத்தார்கள் என்று
நான் விசாரிக்கவில்லை.

கோடையில் மரத்தூள் வாங்கத் துறைக்குப் போனேன்.
போர்த்துக்கல் கணக்கன் ஒருவன்
சிவந்த கட்டைகளைக் காலால் தட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.
எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் பிரேசில் என்றான்.
வெட்டித் தருகிறவர்கள் பாஷையில் வேறு.
கேட்காமலே அதையும் சொன்னான்.
கூடை என் கையில் சும்மா தொங்கியது.
இரண்டு பவுண்டு வாங்கினேன்.
விலை ஏறியிருந்தது.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாம்.
தகட்டைச் சுரண்டினால் காசு என் கூலியில் பிடிப்பார்.
இன்று மறுபதிப்பு,
சாயங்காலத்துக்குள் நாற்பது தாள்.
டிக்னா கூப்பிடுகிறாள்.
அடுப்பில் மன்னன் கொதிக்கிறான்,
நுரை எடுக்க வேண்டும்.