லைட் எரியுது

புளியரையில் வண்டியைக் கிளப்பினால்
கோட்டவாசல் வரைக்கும் எனக்கு இன்னொரு உத்தியோகம்.
எதிரே பகலில் லைட் எரிய எவன் வந்தாலும்
ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்து,
எரியுதப்பா, அணை.
நன்றி சொன்னவன் கிடையாது.
அணைப்பான். அது போதும்.

இருபது வருஷமாய் வைக்கோல் லோடு.
அம்பாசமுத்திரத்தில் ஏற்றி கொட்டாரக்கரையில் இறக்க வேண்டும்.
இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும்.
பின்னால் வருகிறவனுக்கு லாரி தெரியாது,
படப்பு ஒன்று மலையேறுவதுதான் தெரியும்.
எனக்கும் பின்னால் ஒன்றும் தெரியாது, அது வேறு.

மைமூன்
ஆரியங்காவு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி.
காலையில் இறங்குவாள், புது ஸ்கூட்டர், முழு வெளிச்சம்.
தினமும் நான் விரலை விரிப்பேன், அவள் அணைக்க மாட்டாள்.
ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டாள்:
"அண்ணே, இதுல அணைக்க ஸ்விட்சே கிடையாது.
மலை முழுக்க என் பேட்டரிக்குக் கவலைப்படுது.
என் தூக்கத்துக்குக் கவலைப்பட ஒரு ஆள் இல்ல."
சூரியனுக்கே டார்ச் அடிக்கச் சொல்லிட்டானா கம்பெனிக்காரன் என்றேன்.
கடை சிரித்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த ஓமனக்குட்டன் சிரிக்கவில்லை.
பகலில் லைட் போட்டு, ஜன்னலில் கைக்குட்டை வீசி வந்தால்
உள்ளே ஒரு உயிர் ஊசலாடுகிறதென்று அர்த்தம்;
அப்படித்தான் அவன் அக்கா மகனை
புனலூர் வரைக்கும் கொண்டுபோனார்கள்.
பஸ் ஒதுங்கியது, தடி லாரி ஒதுங்கியது,
கல்யாணக் கார்கூட ஒதுங்கியது.
"எல்லாரும் போட்டுட்டு வந்தா
நான் யாருக்கு ஒதுங்கணும்?"
மலையாளமும் தமிழும் கலந்து கேட்டான்.
அதற்குப் பதில்
அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை என்னிடம்.

அது சாரல் தொடங்கிய வாரம்.
மணி பத்து, கடிகாரத்தில் மட்டும்.
எஸ் வளைவில் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது,
பாதை இல்லை, பள்ளம் இல்லை, என் பம்பர்கூட இல்லை.
வைப்பர் எதைத் துடைக்கிறதென்று தெரியவில்லை.
அப்போது ஒரு புள்ளி.
மிளகு அளவு, பிறகு எலுமிச்சை அளவு.
இடது பக்கம் பாறையை உரசுகிற மாதிரி ஒடித்தேன்.
புள்ளி கடந்து போனது.
போகிற போக்கில் அந்த வெளிச்சத்துக்கு முன்னால்
ஒரு கை, குவிந்து விரிந்து, குவிந்து விரிந்து.
என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.
போடு என்று சொன்னாளோ என்னவோ.
நான் போடவில்லை.

அதற்குப் பிறகு எதிரே எந்த வண்டியும் வரவில்லை.
எந்தக் கோர்ட்டில் நிறுத்தினாலும்
அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கொட்டாரக்கரையில் கயிறு அவிழ்த்தோம்.
மூன்றாவது அடுக்கில், வலது ஓரம்,
வைக்கோலுக்குள் சொருகிக் கிடந்தது
ஒரு காரின் பக்கக் கண்ணாடி.
மழையின் நிறத்தில் அதன் கூடு,
ஒயர் தொங்க, கீறல் ஒன்றும் இல்லாமல்.
கிளீனர் இசக்கித்துரை துடைத்து நீட்டினான்.
அதில் என் லாரி நின்றது, முகப்பு இருட்டாக.

சத்தம் கேட்கவில்லை.
ஆள் யாரென்று தெரியாது.
ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால்
வைக்கோலுக்குள் என்ன இருந்திருக்கும் என்று
இசக்கித்துரை கேட்கவில்லை. நல்ல பையன்.

இப்போது போடுகிறேன்.
முழு யோக்கியன் இல்லை: உச்சி வெயிலில்
தென்காசிக்குள் நுழையும்போது கூச்சமாக இருக்கும்,
அணைத்துவிடுவேன், தாண்டியதும் போடுவேன்.
நேற்று அணைக்க மறந்து செங்கோட்டைக்குள் வந்தேன்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளை ஒற்றைக் கையில் பிடித்து
ஐந்து விரலையும் குவித்து விரித்தான்
அத்தனை அக்கறையாக.
நானும் விரித்தேன்.
சந்தோஷமாய்ப் போனான்,
அணைத்துவிடுவேன் என்று நம்பி.